மூன்றாம் ஓலையை நான்தான் நிறுத்தினேன்

மகனே,

தந்தியைப் பார்த்துப் பதறியிருப்பாய். ‘எல்லோரும் நலம், ஓலை நிறுத்தம், கடிதம் வருகிறது’ என்று அரைகுறையாக ஒரு தந்தி வந்தால் பம்பாயில் தனியாக இருக்கிறவன் என்னதான் நினைப்பான்? பெண் வீட்டில் ஏதோ சண்டை, அம்மா உடம்புக்கு ஏதோ, செல்விக்கு மனம் மாறிவிட்டது என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்திருப்பாய். அப்படி எதுவும் இல்லை. அம்மா நன்றாக இருக்கிறாள். செல்வி கட்டினால் உன்னைத்தான் கட்டுவேன் என்கிறாள். இரண்டு ஞாயிறு பூசையில் சாமி உங்கள் இருவர் பெயரையும் ஓலையில் வாசித்து, இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று கேட்டார். யாரும் போகவில்லை. மூன்றாம் ஓலைக்கு முன்னால் ஒரே ஒரு ஆள் போய்ச் சொன்னான். அது நான்.

இந்த உறைக்குள் இன்னொரு கடிதம் இருக்கிறது. கம்பாலாவிலிருந்து லூக்கா, நீ பாபா என்று கூப்பிடுகிறவர், உனக்கு எழுதியது. முதலில் அதைப் படித்துவிட்டு இதற்கு வா. அதன் உறை பிரிந்திருப்பதைப் பார்த்துத் தபால்காரரைத் திட்டாதே, நான்தான் பிரித்தேன். அது என் கைக்கு வந்து ஐந்து வாரத்துக்கு மேல் ஆகிறது. இடையில் நீ இரண்டு முறை எழுதிக் கேட்டாய், ‘பாபாவிடமிருந்து ஏதாவது வந்ததா அப்பா?’ என்று. இரண்டு முறையும் ஒன்றும் வரவில்லை என்று பதில் போட்டேன். இரண்டும் பொய். பேரன் பேத்தி பார்க்கப்போகிற வயதில், பெற்ற பிள்ளைக்குப் பொய் எழுதி, தபால்தலை ஒட்டி, நானே கொண்டுபோய்ப் பெட்டியில் போட்டேன்.

அது எப்படி என்னிடம் வந்தது என்று சொல்கிறேன். நீ நாலு வருஷம் அந்த ஊரில் இருந்ததால், அங்கே உனக்குக் கல்யாணம் எதுவும் ஆகவில்லை என்று அந்த ஊர்ப் பங்குக் கோவிலிலிருந்து எழுதி வாங்கினால்தான் இங்கே ஓலை வாசிக்க முடியும் என்றார்கள் அல்லவா? நம் சாமியே அங்குள்ள சாமியாருக்கு எழுதிப் போட்டார். பதில் வந்த அன்று என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். தோணி ஓட்டுகிற எல்லோரையும்போல என்னையும் அவர் தண்டல் என்றுதானே கூப்பிடுவார். ‘தண்டல், சர்டிபிகேட் வந்துட்டு. கூடவே ஒம்ம மவனுக்கு ஒரு லெட்டரும் வச்சிருக்காங்க, அனுப்பி வையும்’ என்று ஒட்டிய சின்ன உறையைக் கையில் தந்தார். சர்டிபிகேட்டை நான் பார்க்கவில்லை. உறையில் சாய்ந்த எழுத்தில் அச்சடித்ததுபோல உன் பெயர், பின்பக்கம் லூக்காவின் பெயர். அந்தக் கையெழுத்தின் அழகே எனக்குப் பொறுக்கவில்லை. என் எழுத்து உனக்குத் தெரியும், பாதி வரி மேலே ஏறும், பாதி கீழே இறங்கும். வீட்டுக்கு வரும் வழியிலேயே, பழைய துறைமுகத்தில் தோணிகள் கட்டியிருக்கும் இடத்தில் நின்று பிரித்துவிட்டேன்.

எனக்குத் தெரிந்தது கஸ்டம்ஸ் காகிதங்களைப் படித்துப் பழகிய இங்கிலீஷ். ஆனாலும் விளங்காமல் போகவில்லை. அவர் சிறையில் இருக்கிறார். டான்சானியப் படை உகாண்டாவுக்குள் வந்து, அதை ஆண்ட அந்தக் கொடுங்கோலன் ஓடிப்போன பிறகு, அவனுடைய ஊர்ப்பக்கத்து ஆட்களையெல்லாம் அவனுடைய ஆட்கள் என்றே பிடிக்கிறார்களாம். லூக்காவும் அந்த வடமேற்குப் பக்கத்துக்காரர். நீங்கள் இருவரும் வேலை பார்த்த ஒர்க்ஷாப்பில் பட்டாள லாரிகளைப் பழுதுபார்த்தது ஒரு குற்றம். ஓடிப்போகிற சிப்பாய்களோடு தன் வீட்டு வாசலில் நின்று அவர்கள் பாஷையிலேயே சிரித்துப் பேசினார் என்று எதிர்வீட்டுக்காரன் சொன்ன சாட்சி இன்னொன்று. ‘அன்று நான் ஏன் சிரித்தேன் என்று தெரிந்தவன் உலகத்தில் நீ ஒருவன்தான். சுவருக்குப் பின்னால் இருந்தாய். கேட்டதை எழுதிச் சத்தியம் செய்து அனுப்பு. தாமதிக்காதே, இங்கிருந்து விசாரணைக்குப் போகிறவர்கள் எல்லோரும் திரும்பி வருவதில்லை’ என்று எழுதியிருந்தார். ஆரம்பத்தில் ‘என் மகனே’ என்று இருந்தது. முடிவில் ‘உன் பாபா’ என்று இருந்தது.

நடுவில் இருந்ததை நான் மூன்று முறை படித்தேன். கண் போய் நின்றதோ அந்த முதல் வரியிலும் கடைசி வரியிலும்தான். ஒரு மனிதன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு எழுதியிருக்கிறான், நான் அவன் உன்னை என்ன சொல்லிக் கூப்பிட்டான் என்று பார்த்துக்கொண்டு நிற்கிறேன். நீ அங்கே திரும்பிப் போய்விடுவாயோ என்ற பயத்தில் மறைத்தேன் என்று எழுதினால் நீ நம்புவாய். அம்மாவும் நம்புவாள். நானே இரண்டு வாரம் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். அது இல்லை மகனே. பொறாமை. வயிற்றெரிச்சல். சொந்த மகனைக் காப்பாற்றியவன்மேல் ஒரு தகப்பனுக்கு வயிறு எரியுமா என்று கேட்டால், எரியும். எனக்கு எரிந்தது. இன்னும் முழுதாக அணையவில்லை.

எங்கிருந்து வந்தது இது என்று யோசித்துப் பார்த்தேன். உனக்கு எட்டு வயதில் டைபாய்டு காய்ச்சல் வந்ததே, ஆஸ்பத்திரியில் பதினேழு நாள் கிடந்தாயே, அப்போது நான் வெங்காயம் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போய்விட்டேன். தண்டல் இல்லாமல் தோணி போகாது என்று அம்மாவிடம் சொன்னேன். வேறு தண்டல்மார் இரண்டு பேர் கரையில் சும்மாதான் இருந்தார்கள். நீ படுத்திருப்பதைப் பார்க்க என்னால் முடியவில்லை, அதனால் போனேன். திரும்பி வரும்போது கொழும்பு பிஸ்கட் ஒரு டின் வாங்கி வந்தேன். நீ டின்னை வாங்கிக்கொண்டு அம்மாவிடம் போய் உட்கார்ந்துகொண்டாய். நீ உகாண்டாவுக்குப் புறப்பட்ட அன்றும் அதே கதைதான். டீசல் மெக்கானிக் வேலை இந்தத் துறைமுகத்தில் கிடைக்காதா, அந்த முரடன் ஆளுகிற நாட்டுக்குத்தான் போக வேண்டுமா என்று ஒரு மாதம் உன்னோடு பேசாமல் இருந்தேன். ஸ்டேஷனுக்கு அம்மா மட்டும் வந்தாள். தோணியில் சரக்கு ஏறுகிறது என்று சொல்லி அனுப்பினேன். தோணி கிளம்பியது மறுநாள். ‘போறவன் போகட்டும்’ என்று நான் சொன்னது உன் காதில் விழுந்ததா என்று இதுவரை நான் கேட்டதில்லை.

அங்கே போய் இறங்கிய அன்று பஸ் நிலையத்தில் கம்பளியோடு ஒருவர் காத்திருந்தார் என்று உன் முதல் கடிதத்தில் எழுதியிருந்தாய். ஒர்க்ஷாப்பில் ஸ்டோர் கீப்பர், கோவிலில் உபதேசியார், பெயர் லூக்கா என்று. நல்ல மனிதர் போலிருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னேன். அப்போது நல்லவராகத்தான் தெரிந்தார். அடுத்தடுத்த கடிதங்களில் லூக்கா ‘லூக்கா ஐயா’ ஆனார், பிறகு ‘பாபா’ ஆனார். அந்த ஊரில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று நீயே அடியில் ஒரு குறிப்பும் எழுதியிருந்தாய்.

படை உள்ளே நுழைந்த செய்தி வந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பெரிய வியாழன். ரேடியோவில் கேட்டேன், கம்பாலா விழுந்தது, அவன் ஓடிவிட்டான் என்று. அவ்வளவுதான், உன் கஷ்டமெல்லாம் தீர்ந்தது என்று கடைக்கு ஓடி மிட்டாய் வாங்கித் தெருவெல்லாம் கொடுத்தேன். தவக்காலத்தில், அதுவும் பெரிய வியாழனில் மிட்டாய் கொடுக்கிறவனை நம் தெரு அன்றுதான் பார்த்திருக்கும். ‘நாளைக்கு ஆண்டவரு சிலுவையில சாவுதாரு, இன்னைக்கு மிட்டாய் குடுக்கேளே, அடுக்குமா?’ என்று அம்மா தட்டைப் பிடுங்கி உள்ளே வைத்தாள். கெட்டவன் ஒழிந்தால் மறுநாள் காலையிலிருந்து எல்லாம் நல்லதாகவே நடக்கும் என்று நான் நினைத்தேன். அதற்குப் பிறகு ஏழு வாரம் உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. அந்த ஏழு வாரமும், அன்று நான் கொடுத்த மிட்டாய் ஒவ்வொன்றும் எனக்கு நினைவுக்கு வந்தது.

நீ திரும்பி வந்து சொன்ன பிறகுதான் எனக்கு விளங்கியது. முதல் நாள் சனம் தெருவில் ஆடியது, வந்த பட்டாளத்துக்கு வாழைப்பழம் கொடுத்துக் கட்டிப்பிடித்தது. இரண்டாம் நாள் கடைகளை உடைத்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலை ஒருவன் தலையில் தூக்கிக்கொண்டு ஓடியதை நீ பார்த்ததாகச் சொன்னாய். மூன்றாம் நாளிலிருந்து விரலை நீட்ட ஆரம்பித்தார்கள், இவன் அவன் ஆள், அவன் இவன் ஆள் என்று. காப்பாற்ற வந்த சிப்பாய்களும் ஊருக்குத் திரும்பாமல் கைக்கடிகாரம் கேட்டு வாசலில் நின்றார்கள். நீ இதையெல்லாம் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாய். அம்மா உன்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் உன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிசைந்தாயே தவிர ஒரு வாய் எடுத்து வைக்கவில்லை.

‘ஏம்ல, சாளைக் கொழம்பு பிடிக்கலையா?’ என்றேன்.

‘அதில்லப்பா. பாபா வீட்டுல பெரியவங்க மொதல்ல ஒரு வாய் எடுக்கணும். நீங்க எடுங்க.’

‘இங்கன அப்படி வழக்கம் கெடையாது. தின்னுலே.’

நீ முகம் வாடிச் சாப்பிட்டாய். எனக்காகத்தான் காத்திருந்தாய், எனக்குத்தான் மரியாதை செய்தாய். அது எனக்கும் தெரிந்தது. அதைச் சொல்லிக் கொடுத்தவன் நான் இல்லையே என்றுதான் சுருக்கென்றது. பிறகு நீ அந்த வாசல் கதையைச் சொன்னாய். பன்னிரண்டு நாள் உன்னைச் சோள மூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தது, வெளிநாட்டு மெக்கானிக் எங்கே என்று, ஓடிப்போகிற பழைய பட்டாளத்துச் சிப்பாய்கள் மூன்று பேர் குடிபோதையில் துப்பாக்கியோடு வந்தது, அவர் வெளியே போய் அவர்கள் பாஷையில் ஊர்க்கதை பேசிச் சிரித்தது, தன் சைக்கிளையும் காலில் இருந்த செருப்பையும் கழற்றிக் கொடுத்தது, அவன் போன வாரமே நைரோபிக்கு ஓடிவிட்டான் என்று சொன்னது. அவர்கள் போன பிறகு உள்ளே வந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாராமே, கால் நடுங்கி எழுந்திருக்க முடியாமல். அந்தச் சிரிப்புக்குத்தான் இப்போது அவர் சிறையில் இருக்கிறார்.

முப்பது வருஷம் தோணி ஓட்டியிருக்கிறேன். ஒரு புயலில் ஆறு பேரை உயிரோடு கரை சேர்த்தேன், இன்னும் அந்த வீட்டுக்காரர்கள் கிறிஸ்மசுக்குப் பலகாரம் கொடுத்தனுப்புகிறார்கள். உன்னை நான் ஒரு தடவையும் எதிலிருந்தும் காப்பாற்றியதில்லை. அந்த இடம் காலியாகவே இருந்தது, ஒருவர் வந்து உட்கார்ந்துவிட்டார். அம்மா அன்றிலிருந்து ஜெபமாலை முடிவில் ‘எம் பிள்ளையக் காப்பாத்துன அந்த மனுசனுக்காக’ என்று தனியாக ஒரு அருள்நிறை மந்திரம் சேர்த்துச் சொல்லி வருகிறாள். பக்கத்தில் முழங்காலில் இருந்துகொண்டு நான் வாயை மூடிக்கொள்வேன். இந்த ஐந்து வாரமும் அவள் அப்படி வேண்டிக்கொண்டிருந்தாள், அவருடைய கடிதம் பக்கத்து அறையில் என் தகரப் பெட்டியில், தோணிக் காகிதங்களுக்கு அடியில் கிடந்தது. நாளைக்கு அனுப்பலாம், கல்யாணம் முடியட்டும், ஊர் ஊராகச் சுற்றும் தபால்தானே, தொலைந்துபோயிருந்தால் என்ன செய்வோம் என்று எனக்கு நானே தினமும் ஒன்று சொல்லிக்கொண்டேன். உனக்கு நான் சொல்வது இதுதான்: யார்மேலாவது பொறாமை வந்தால் அன்றைக்கே செல்வியிடம் வாய்விட்டுச் சொல்லிவிடு. அசிங்கமாகத்தான் இருக்கும், அவள் சிரிப்பாள். சிரிக்கட்டும். சொல்லாமல் வைத்திருந்தால் அது உன் கையைப் பிடித்து வேலை செய்ய ஆரம்பித்துவிடும்.

போன வெள்ளிக்கிழமை கல்யாணப் பூசை நேரம் பேசச் சாமியிடம் போனேன். உங்கள் காகிதங்களை எடுத்துச் சரிபார்த்துக்கொண்டே கேட்டார், ‘இந்த லூக்காங்கிறவரு யாரு தண்டல்? ஒம்ம மவனுக்கு வேண்டியவரா?’

‘அங்கன கூட வேலை பார்த்தவரு சாமி.’

‘பையனைப் பத்தித் தெரிஞ்ச ரெண்டு பேரு சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போட்டாத்தான் அந்தச் சாமியாரு சர்டிபிகேட் தர முடியும். இந்த ஆளு ஜெயில்ல இருக்காராம். இவரு கையெழுத்துக்காக அந்தச் சாமியாரே அங்க போயி வாங்கிட்டு வந்தாராம். கேட்ட நிமிசமே போட்டுக் குடுத்துட்டாருன்னு எழுதியிருக்காரு.’

காகிதத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். அதே சாய்ந்த எழுத்து. அந்தக் கடிதத்தில் இருந்த அதே தேதி. முதலில் இதில் கையெழுத்துப் போட்டிருக்கிறார், பிறகு ஒரு தாள் கேட்டு வாங்கி உனக்கு எழுதியிருக்கிறார். நீ யாரையும் கட்டவில்லை, நல்ல பிள்ளை, அவனுக்குத் தாராளமாகக் கல்யாணம் செய்து வைக்கலாம் என்று சத்தியம் செய்திருக்கிறார். வாசலில் துப்பாக்கியோடு காவல் நிற்கிறவர்கள் நடுவே, இந்தத் தூத்துக்குடியில் நடக்கப்போகிற ஒரு கல்யாணத்துக்கு. உனக்கு எழுதிய கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. நான் உனக்குச் சாட்சி சொன்னேன், நீ எனக்குச் சொல் என்று எழுதவில்லை. நானாக இருந்தால் அதைத்தான் முதல் வரியாக எழுதியிருப்பேன்.

‘சாமி, மூணாவது ஓலைய வாசிக்காதீங்க’ என்றேன்.

‘என்னவே சொல்லுதீரு? தடை ஏதும் இருக்கா?’

‘இருக்கு சாமி. மாப்பிள்ளைகிட்ட இல்ல. மாப்பிள்ளைக்க அப்பன்கிட்ட.’

எல்லாவற்றையும் சொன்னேன். திருச்சபைச் சட்டத்தில் இது ஒரு தடையே இல்லை என்றார். இல்லாமல் இருக்கலாம். அவருடைய சத்தியத்தை வாங்கி உன் கல்யாணத்தை நடத்திவிட்டு, அவர் கேட்ட சத்தியத்தைப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தால் அந்தப் பூசையில் நான் எப்படி முன் பெஞ்சில் உட்காருவேன்? சாமி காகிதங்களை மடித்து வைத்துவிட்டு, ‘அவன் எல்லாத்தையும் தெரிஞ்சுக்கிட்டு வாசிக்கச் சொல்லட்டும், வாசிக்கேன்’ என்றார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன். கடிதத்தைக் கையில் வாங்கி, படிக்கத் தெரியாவிட்டாலும் திருப்பித் திருப்பிப் பார்த்து, ‘இத வச்சிக்கிட்டா எம்பக்கத்துல முழங்கால் போட்டிய?’ என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பிறகு இன்றுவரை அவசியத்துக்கு மேல் என்னோடு பேச்சு இல்லை.

மறுநாள் வீரபாண்டியன்பட்டணம் போனேன், பெண் வீட்டுக்கு மற்றவர்கள் வாயால் செய்தி போகக்கூடாது என்று. செல்வியின் அப்பா துள்ளிக் குதித்தார். கிறிஸ்மசுக்கு முந்தின திருவருகைக் காலம் பிறந்துவிட்டால் கல்யாணம் வைக்க முடியாது, இனி தை மாதம்தான், சொந்தக்காரர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்றார். அவர் கேட்டதெல்லாம் நியாயம், நான் தலையைக் குனிந்துகொண்டேன். செல்விதான் கதவருகே வந்து நின்று சொன்னாள், ‘மாமா, மொதல்ல அந்தக் கடுதாசிய அவியளுக்கு அனுப்புங்க. ஓலைய அப்புறம் வாசிச்சிக்கலாம். நீங்க மறைச்சதயும் நீங்களே எழுதிருங்க, என்னைய சொல்ல வச்சிராதீங்க.’ நல்ல பெண்ணைத்தான் பார்த்திருக்கிறோம். நேற்று ஞாயிறு. சாமி வேறு இரண்டு ஜோடிகளின் ஓலையை வாசித்தார், உங்கள் பெயர் வரவில்லை. கோவில் முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. பார்க்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

அவர் இப்போது எப்படி இருக்கிறார், இருக்கிறாரா என்றே எனக்குத் தெரியாது. நான் தின்ற ஐந்து வாரத்தில் என்ன வேண்டுமானாலும் நடந்திருக்கலாம். நம் சாமி அங்குள்ள சாமியாருக்குத் தந்தி கொடுத்திருக்கிறார், சாட்சி வருகிறது, பொறுத்திருக்கச் சொல்லுங்கள் என்று. ஏதாவது ஆகியிருந்தால் நீ என்னை மன்னிக்க வேண்டாம், நான் கேட்கவும் மாட்டேன். நீ இந்தக் கடிதத்தை மடித்து வைத்த கையோடு லீவு சொல்லிவிட்டு ஒரு வக்கீலிடம் போ. அந்த வாசலில் கேட்டது, பார்த்தது எல்லாவற்றையும் ஒன்று விடாமல் எழுது. சைக்கிள், செருப்பு, அந்தச் சிரிப்பு, உள்ளே வந்து கால் நடுங்கி உட்கார்ந்தது, எல்லாம். அவர் உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டால், பாபா என்றே எழுது. என் மனம் நோகும் என்று மாற்றி எழுதாதே. பத்திரம் தொடங்கும்போது வக்கீல் உன் பெயரைக் கேட்பார், அடுத்தது தகப்பன் பெயர் கேட்பார். அந்த இடத்தில் மட்டும் என் பெயரைச் சொல். அந்த ஒரு வரியை எனக்கு விட்டுவிடு மகனே, மீதியெல்லாம் அவருக்கு.

உன் அப்பா